கதவுப் பக்கத்திலிருந்து மூன்றாவது

கமர் ஜஹான் எடுத்த சீட்டில் ஏழு என்று இருந்தது. ஏழு என்றால் டீசல் எஞ்சின். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கழற்ற வேண்டும், பரிசோதிக்க வேண்டும், அளவுகளை எழுத வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். ஆறு மணி நேரம்.

அவளுக்கு மூச்சு வந்தது. போன வருடத் தேர்வில் கியர் பாக்ஸ் வந்திருந்தது. மந்தைவெளியில் அவளும் கணவர் ஹபீபுர் ரஹ்மானும் நடத்தும் பட்டறைக்கு வருவதெல்லாம் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குக் கியர் பாக்ஸ் கிடையாது. தோற்றுப்போனாள்.

பட்டறைச் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. பெரம்பூர்க்காரர் ஒருவருடையது. அவர் பட்டறைக்கு வந்ததே இரண்டு முறைதான். ஒன்பது வருடமாக எஞ்சினைத் திறப்பவள் கமர். சர்வீஸ் தாளில் இருக்கும் பெயர் அவருடையது. இதுவரை யாரும் கேட்டதில்லை. போன மாதம் அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் அம்மாள் கேட்டுவிட்டார். சான்றிதழில் பெயர் உள்ளவர்தான் எங்கள் எஞ்சினைத் தொட வேண்டும் என்றார்.

“நியாயந்தானே?” என்றாள் கமர், வீட்டுக்கு வந்து.

ஹபீபுர் எட்டாவதோடு நின்றவர். தேர்வு எழுதப் பத்தாவது வேண்டும். அது அவளிடம் இருந்தது.

இந்த முறையும் தவறினால் எழுத்துத் தேர்வு முதற்கொண்டு எல்லாம் முதலிலிருந்து.

காலையில் நந்தனத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹபீபுர் கேட்டார்.

“பயந்துக்கினு கீறியா?”

“இல்ல.”

“டப்பால ரெண்டு முட்டை வெச்சிக்கீறேன். கையக் கழுவிட்டுத் துண்ணு. டீசல் நாத்தத்தோட துண்ணாத.”

“ஒம்பது வருசமா அதத்தான துண்றேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

எஞ்சின், ஷெட்டின் நடுவில் இரும்புத் தாங்கியில் நின்றது. நான்கு சிலிண்டர். பச்சைப் பெயிண்டின் மேல் பச்சைப் பெயிண்ட். யாரோ ஒரு காலத்தில் நிலையத்துக்குத் தானமாகக் கொடுத்தது. அதன் பிறகு அது ஓடவில்லை. மாணவர்கள் திறப்பதற்கும் மூடுவதற்கும் என்றே இருந்தது. மேல்பகுதியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். பின்பக்கத்துக் கனச் சக்கரமான ஃப்ளைவீல் கதவைப் பார்த்திருந்தது. ஃபேன் இருக்க வேண்டிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

அவள் சுவர்ப் பக்கம் போய் நின்றாள். ஃபேன் இல்லை, அதைச் சுற்றும் புல்லி இருந்தது. அங்கிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதன் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டாள். பட்டறையில் அப்படித்தான். ஃபேன் பக்கம் ஒன்று. யாரும் யாரிடமும் அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

அடுத்த மேசையில் ஸ்ரீஹரி என்ற பையனுக்கு வால்வு வேலை வந்திருந்தது. பையன் என்றாலும் இருபத்து நான்கு வயது இருக்கும். இந்த நிலையத்திலேயே படித்தவன்; போன வருடத் தேர்விலும் அவனைப் பார்த்திருந்தாள். வால்வைத் தேய்ப்பதைவிட வாயால் அதிகம் வேலை செய்தான்.

“அக்கா, நீங்க பிரைவேட்டா எழுதுறீங்களா?”

“ஆமாம்பா.”

“கவலையே படாதீங்க. இங்க யாரும் ஃபெயிலாவ மாட்டாங்க.”

“அப்போ நீ ஏன் ரெண்டாவது தபா வந்துகீற?”

“அது வேற கதக்கா.”

அவள் எஞ்சினைத் தாங்கியிலேயே பக்கவாட்டில் சாய்த்தாள். அடியில் எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே வரிசையில் தட்டில் வைத்தாள். சிலிண்டரின் மேல் விளிம்பில் கரி வளையமாகக் கட்டியிருந்தது. பிஸ்டன் வெளியே வரும்போது அதைச் சுற்றியிருக்கும் ரிங் கரியில் இடித்தால் உடையும். சுரண்டினாள். அரை மணி நேரம் பிடித்தது. வருடா வருடம் திறக்கிற சிலிண்டரில் இவ்வளவு கரி ஏது என்று தோன்றியது. கையில் வேலை இருந்ததால் அதை அப்படியே விட்டாள்.

பிஸ்டனிலிருந்து இறங்கும் ராடின் அடிப்பாகம், சுழலும் தண்டான கிராங்க்கைக் கவ்வியிருக்கும். கவ்வும் வளையத்தின் பாதி ராடிலேயே இருக்கும். மறு பாதி கேப், இரண்டு நட்டுகளால் பிடித்திருக்கும். நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் முனையில் குழாயைச் செருகி உடம்பின் பாரத்தைக் கொடுத்தாள். டக்கென்று விட்டது.

ஸ்ரீஹரி நிமிர்ந்தான்.

“இன்னாக்கா, நட்டு கத்துது? எங்களுக்கெல்லாம் கையாலயே வந்துடுமே.”

ஒரு நட்டைக் கொஞ்சம், மறு நட்டைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தளர்த்தினாள். கேப் வந்தது. பக்கவாட்டைத் துணியால் துடைத்தாள். 2 என்று குத்தியிருந்தது.

ராடைத் துடைத்தாள். 3.

இரண்டையும் மறுபடி துடைத்தாள்.

ராடையும் அதன் கேப்பையும் சேர்த்து முடுக்கிய பிறகுதான் நடுவில் துளையைக் கடைகிறார்கள். ஒன்றின் கேப் இன்னொன்றில் உட்காராது. உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால்தான் இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்துகிறார்கள்.

கேப்பைத் தனியே வைத்தாள். ராடின் போல்ட்டுகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டினாள், கிராங்க்கில் கீறல் விழாமலிருக்க. சுத்தியலின் மரப்பிடியை ஒரு பக்கம் கொடுத்துத் தள்ளி, மறு பக்கம் இடது கையை ஏந்தினாள். பிஸ்டன் வந்து கையில் இறங்கியது. பொதுவாக இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கேப்பிலும் ராடிலும் ஆளுக்குப் பாதியாக இருக்கும் பேரிங் ஷெல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு ஓரத்தில் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. மறு ஓரம் நேற்று வாங்கியது போல் இருந்தது. இந்த எஞ்சினை ஏன் தானம் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடும்போது உள்ளே டக் டக்கென்று தட்டியிருக்கும். காரணம் தெரியாமல் கைகழுவியிருப்பார்கள்.

ஸ்ரீஹரி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். பார்த்தான். முகம் மாறியது.

“அக்கா, தப்பாத் தொறந்துட்டீங்க. மூணு அது இல்ல.”

“எது?”

“அது.” பக்கத்து சிலிண்டரைக் காட்டினான். “கதவுலேர்ந்து எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாங்க அதத்தான் தொறப்போம். எல்லா வருசமும் அதான். மத்தத யாரும் தொட்டதே இல்ல.”

கரியும் நட்டும் அவளுக்கு இப்போது விளங்கின.

“ஒண்ணும் ஆவல” என்றான் ஸ்ரீஹரி. “தொண்ணூறு புள்ளி எட்டு ஆறு. அது பிஸ்டன். சிலிண்டர் தொண்ணூத்தி ஒண்ணு புள்ளி பூஜ்யம் ரெண்டு. நடுவுல எடைவெளி பூஜ்யம் புள்ளி ஒண்ணு ஆறு. எங்கண்ணன் இதான் எழுதினான். பாஸ். அவன் சீனியரும் இதான்.”

“உனக்கு வந்தது வால்வு வேலை. பிஸ்டனளவு எதுக்குத் தெரியும்?”

“எது வரும்னு தெரியாதேக்கா. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிக்கினேன்.”

அப்போது கிச்சா சார் வந்தார். நிலையத்தின் டீசல் பிரிவு ஆசிரியர். தேர்வன்று அவர் யாரிடமும் பேசக் கூடாது. பேசினார்.

“என்னம்மா, எதைத் தொறந்துண்டிருக்கேள்?”

“மூணு சார். ஃபேன் பக்கத்துலேர்ந்து எண்ணினேன்.”

“ஃபேனே இல்லையேம்மா.”

“இருந்த பக்கம் சார்.”

“இந்த ஷெட்டுல கதவுப் பக்கந்தான் ஒண்ணு. பதினெட்டு வருஷமா அப்படித்தான்.”

“எஞ்சின் செஞ்சவங்களுக்கு இந்தக் கதவு தெரியாதே சார்.”

ஸ்ரீஹரி இருமுவது போல் திரும்பிக்கொண்டான். கிச்சா சாருக்குக் கோபம் வரவில்லை. வியர்வை வந்தது. கைக்குட்டையை எடுத்தார்.

“நம்பலேன்னா அதைத் தொறந்து பாருங்கோ. கேப்புலேயே மூணுன்னு குத்தியிருக்கும்.”

கமர் அதையும் திறந்தாள். கிராங்க்கைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. நடு இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். வருடா வருடம் திறந்த நட்டுகள் விரலுக்கே வந்தன. விளிம்பில் கரியே இல்லை. ஐந்து நிமிடத்தில் பிஸ்டன் மேசைக்கு வந்துவிட்டது. கேப்பில் 3 என்று இருந்தது.

“பாத்தேளா” என்றார் கிச்சா சார்.

கமர் ராடைத் துடைத்தாள்.

“இதுல ரெண்டுன்னு கீது சார்.”

“அது கம்பெனி நம்பர்.”

“எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாரு” என்றான் ஸ்ரீஹரி.

கமர் முதலில் கழற்றிய ராடை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தாள். அதன் கேப்பையும் வைத்தாள். மேசையில் நான்கும் வரிசையாகக் கிடந்தன. மூன்றாம் ராடு, இரண்டாம் கேப். இரண்டாம் ராடு, மூன்றாம் கேப்.

கிச்சா சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஓ” என்றார்.

“இங்க வர்றதுக்கு முன்னாடியே எவனோ மாத்தி மாட்டிட்டான் சார்.”

“வாஸ்தவந்தான்.” அவர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதோ பாருங்கோ. பரீட்சகர் ரெண்டு மணிக்கு வருவார். அவர் கையில விடைச் சாவி இருக்கு. நான் போட்டது, வந்த புதுசுல. அதோட ஒத்துப் பார்ப்பார், டிக் போடுவார், போயிடுவார். நீங்க அந்தப் பிஸ்டனோட அளவை எழுதுங்கோ. இதைத் தொறந்ததையே சொல்ல வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய நல்லதும் அதில் இருந்தது, அவ்வளவுதான்.

அவர் போன பிறகு ஸ்ரீஹரி கணக்குப் போட்டான்.

“அளவுக்கு மட்டும் முப்பது மார்க்குக்கா. பாஸ் அறுபது. முப்பதும் போச்சுன்னா மீதி எழுபதுல அறுபது எடுக்கணும். எவன் குடுப்பான்?”

“நீ போய் வால்வத் தேய்.”

அவள் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். வெளியே தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று முட்டையைத் தின்றாள். மெட்ரோவில் இறங்கிய கல்லூரிப் பெண்கள் மதில் ஓரமாகப் பேசிக்கொண்டே போனார்கள்.

தொண்ணூறு புள்ளி எட்டு ஆறு என்று எழுதினால் பாஸ். அந்தச் சான்றிதழும் சுவரில் தொங்கும். பெரம்பூர்க்காரருடையதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். பெயர் மட்டுந்தான் என்று பட்டது. ஆனால் பெயருக்காகத்தானே வந்திருக்கிறோம் என்றும் பட்டது. இரண்டாவது முட்டையைத் தின்று முடிக்கும்வரை இரண்டும் பட்டுக்கொண்டே இருந்தன.

உள்ளே போனாள். ஃபேன் பக்கத்து மூன்றாம் பிஸ்டனை எடுத்தாள். ரிங்குகளை விரித்துக் கழற்றினாள், பள்ளங்களைச் சுத்தம் செய்தாள், அடியில் பாவாடை என்று சொல்லும் பகுதியில் மைக்ரோமீட்டரை வைத்தாள். 90.79. சிலிண்டர், 91.11. இடைவெளி, 0.32. மேல் ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாயில் இடைவெளி பார்க்கும் ஃபீலர் தகட்டைச் செருகிப் பார்த்தாள். 0.90. எல்லாம் தாளில் ஏறின. குறிப்புப் பகுதியில் எழுதினாள்: சிலிண்டர் எண் ஃபேன் பக்கத்திலிருந்து. 2, 3 கேப்புகள் இடம் மாறியுள்ளன. ஷெல் ஒரு பக்கமாகத் தேய்ந்துள்ளது. மாற்ற வேண்டும்.

எழுதிய பிறகு படபடப்பு அடங்கியது. வேலை முடிந்தால் எப்போதும் அப்படித்தான்.

பரீட்சகர் சாய்நாத் இரண்டேகாலுக்கு வந்தார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. அவளுடைய தாளையும் சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக இறங்கினார். பேனா எங்கேயும் டிக் போடவில்லை.

“எல்லாமே தப்பா இருக்கே” என்றார். கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்தான்.

“அளந்ததுதான் சார்.”

“எதை?”

அவள் பிஸ்டனைக் காட்டினாள். அவர் மேசையைப் பார்த்தார். இரண்டு பிஸ்டன் இருந்தன. கிச்சா சாரைப் பார்த்தார். கிச்சா சார் தன் செருப்பைப் பார்த்தார்.

“இங்க கதவுப் பக்கத்துலேர்ந்து எண்ணறது ஒரு வழக்கம் சார்” என்றார் கிச்சா சார்.

“கதவை இந்தப் பக்கம் மாத்திக் கட்டினா?”

கிச்சா சார் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

சாய்நாத் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். மைக்ரோமீட்டரின் வாயைத் துடைத்தார், பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், பிஸ்டனில் வைத்தார். அவசரப்படவில்லை. கமர் கைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“தொண்ணூறு புள்ளி எட்டு பூஜ்யம். நீங்க எழுதினது ஏழு ஒம்பது.”

அவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

“ஒரு பாயிண்ட் கணக்கில்ல. நான் அளக்கும்போது கைச்சூடு ஏறியிருக்கும்.” சிலிண்டரையும் அளந்தார். அது சரியாக வந்தது. “இதை எத்தனை இடத்துல பார்த்தீங்க?”

“மேல, கீழ. ரெண்டு எடம் சார்.”

“நடுவுல?”

“பட்டறைல ரெண்டுதான் சார் பாப்போம். தேய்றது மேலதானே.”

“பட்டறைக்கு ரெண்டு போதும். பரீட்சைக்கு மூணு. அஞ்சு மார்க் போச்சு.”

“சரி சார்.”

“கேப் மாறினா என்ன ஆகும்?”

அவள் ஷெல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “துளை வட்டமா வராது சார். ஒரு ஓரம் தூக்கிக்கினு நிக்கும். அங்க ஆயில் நிக்காது. இதோ, செம்பு தெரியுது பாருங்க. இன்னும் ஓட்டியிருந்தா கிராங்க்கப் புடிச்சிருக்கும்.”

சாய்நாத் கட்டைவிரலால் ஷெல்லின் இரண்டு ஓரத்தையும் தடவினார். பிறகு சாவியில் இருந்த அளவுகளின் மேல் நேர்கோடு போட்டார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தான் அளந்ததை எழுதினார், கீழே தேதி போட்டார்.

“ஒரு மணி நேரம் இருக்கு. மாட்டிக் காட்டுங்க. அதுக்கு இருபது மார்க்.”

அவர் ஸ்ரீஹரியின் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனதும் கிச்சா சார் வந்தார்.

“அம்மா, நாளைக்குப் பதினாறு பேர் வரா. கதவுலேர்ந்து எண்ணி, கேப்புல மூணுன்னு இருக்கான்னு பார்த்துத்தான் தொறப்பா. நீங்க சரியா மாட்டிட்டேள்னா என் சாவி வேற யாருக்கும் உதவாது.”

“சாவியையும் மாத்திடுங்க சார்.”

“இப்பத்தான் பரீட்சகர் சார் அளந்துட்டாரே. அதையே எழுதிக்கறேன்.”

கமர் அவரைப் பார்த்தாள். கிச்சா சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கொடுங்கோ” என்றார். “மைக்ரோமீட்டரைப் புடிச்சு நாளாச்சு.”

அவள் மூன்றாம் பிஸ்டனையும் மைக்ரோமீட்டரையும் அவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. அவர் அளக்கும் நேரத்தில் இரண்டாவதை மாட்டத் தொடங்கினாள். ரிங் வாய்கள் ஒன்றன் மேல் ஒன்று வராமல் திருப்பினாள். எண்ணெய் தடவினாள். பட்டையால் ரிங்குகளை இறுக்கிச் சுருக்கி, மரப்பிடியால் தட்டி உள்ளே அனுப்பினாள். இரண்டாம் ராடுக்கு இரண்டாம் கேப். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் போதும் என்று சொல்லும்வரை முடுக்கினாள். தலையைத் திருப்பினால் கிச்சா சார் மைக்ரோமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

“சார், பின்னாடி கீற சின்னத் திருகைத் திருப்புங்க. பெரிசப் புடிச்சு முறுக்காதீங்க.”

“தெரியும்மா, தெரியும்” என்றார். சின்னத் திருகைத் திருப்பினார்.

மூன்றாவது அவள் கைக்கு வரும்போது இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பதினெட்டில் முடித்தாள். மூன்றாம் ராடுக்கு மூன்றாம் கேப். கிராங்க்கின் முனையில் கம்பியைக் கொடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். நான்கு பிஸ்டனும் ஏறி இறங்கின.

சாய்நாத் எழுந்து வந்து தானும் ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். தாளின் ஓரத்தில் எண்களைக் கூட்டினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“மார்க்கை இங்க சொல்லக் கூடாது” என்றார். “மறுபடி வர வேண்டியிருக்காது.”

அவள் தலையாட்டினாள். எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த மேசையில் சாய்நாத் ஸ்ரீஹரியின் தாளைக் கையில் எடுத்தார். சாவியோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை.

“ரொம்ப அழகா இருக்கு தம்பி. அளந்தீங்களா?”

ஸ்ரீஹரி கமரைப் பார்த்தான். கமர் நிமிரவில்லை. கிச்சா சாரைப் பார்த்தான். அவர் புதுத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“சார்” என்றான் ஸ்ரீஹரி, தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “ஒரு பத்து நிமிஷம் கெடைக்குமா?”